‘வாங்க வேண்டாம்’ என்பதற்கு யார் ஊதியம் தருவார்?

ஒரு பொருளை வாங்கலாமா கூடாதா என்று ஆராய்ந்து சொல்லும் கட்டுரையின் நடுவிலேயே அதை விற்கும் இணைய அங்காடிக்குச் செல்லும் சுட்டியை வைத்து, அதன் வழியாக நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் அங்காடியிடமிருந்து பங்கு பெற்றுக்கொள்ளும் முறை, கைப்பேசி, மிக்சி, காற்றுச் சுத்திகரிப்பான், மெத்தை முதலான பொருள்களைப் பற்றிய மதிப்புரைகளின் முக்கியமான வருவாய் வழிகளுள் ஒன்றாகிவிட்டது. இவ்வகைச் சுட்டியைத் தொழிலில் இருப்போர் ‘அஃபிலியேட் லிங்க்’ என்பர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நின்று, விற்பனை முடிந்தால் மட்டும் ஊதியம் பெறும் தரகரின் நிலைக்கு அது மதிப்புரையாளரைக் கொண்டுவருவதால், அதனைத் தரகுச் சுட்டி என்று அழைப்பதே பொருந்தும். தரகு இழிவான தொழில் அன்று. மாட்டுச் சந்தையிலும் நெல் மண்டியிலும் மனை விற்பனையிலும் தரகரின் பணிக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்கெல்லாம் எதிரே நிற்பவர் தரகர் என்பது வாங்குபவருக்குத் தெரியும். மதிப்புரையைப் படிப்பவரோ, நடுநிலையான ஒருவர் பொருளைச் சோதித்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பைக் கேட்பதாகவே எண்ணுகிறார். சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் பிறக்கிறது.

சுட்டி இயங்கும் விதம் எளியது. அதன் முகவரிக்குள் மதிப்புரையாளருக்கென ஒதுக்கப்பட்ட அடையாளக் குறியீடு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். வாசகர் அதைத் தொட்டவுடன் ‘குக்கி’ எனப்படும் சிறு பதிவு அவருடைய உலாவியில் தங்கி, இந்த வாடிக்கையாளரை அனுப்பியவர் இன்னார் என்று அங்காடிக்குச் சொல்லும். அமேசானின் திட்டத்தில் இந்தப் பதிவுக்குப் பொதுவாக 24 மணி நேரம் ஆயுள் உண்டு. அதற்குள் வாசகர் வேறு எந்தப் பொருளை வாங்கினாலும், அது தரகுக்கு உரிய வகையைச் சேர்ந்ததாயின், அனுப்பியவருக்குப் பங்கு சேரும். 1994-இல் அமெரிக்காவின் சிடிநவ் என்ற இசைத்தட்டு அங்காடி, இசை பற்றிய தளங்களுடன் இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கியது. 1996 ஜூலையில் அமேசான் புத்தகங்களுக்கு அதே வழியைத் திறந்தபோது, புத்தகத்தைப் பற்றி எழுதுபவரே அதை விற்றுக்கொடுப்பவராகவும் ஆகும் ஏற்பாடு பரவலாயிற்று.

இதழியலுக்கு விளம்பர வருவாய் புதிதன்று என்றும், மோட்டார் வாகன இதழ்கள் வாகன நிறுவனங்களின் விளம்பரத்தால்தான் வாழ்ந்தன என்றும் ஒரு மறுப்பு எழக்கூடும். அது உண்மையே. எனினும், அச்சிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த நிறுவனம், வாசகர் வாகனத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். அடுத்த பக்கத்தில் எழுதும் மதிப்புரையாளர் ‘இந்த ஆண்டு இவற்றுள் எதையும் வாங்காமல் காத்திருப்பதே நல்லது’ என்று முடித்தால் அம்மாதக் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாது. தரகுச் சுட்டியில் அப்படியில்லை. அதில் ‘வாங்க வேண்டாம்’, ‘இருப்பதையே பழுது பார்த்துக்கொள்ளுங்கள்’, ‘இந்த வகைப் பொருளே உங்களுக்குத் தேவையில்லை’ என்னும் மூன்று தீர்ப்புகளுக்கும் வருவாய் சுழியமாகும். எத்தனை வாரம் உழைத்து எவ்வளவு நேர்மையாக அந்த முடிவுக்கு வந்திருந்தாலும், உழைப்பின் கூலி வாசகர் பணம் செலவழிக்கும் நொடியில்தான் பிறக்கிறது. மதிப்புரையாளர் பொய் சொல்கிறார் என்பதன்று இங்குள்ள குற்றச்சாட்டு. நேர்மையான ஒருவரையும் ஒரு திசை நோக்கியே சாய்க்கும்படி தரையே சரிவாக அமைந்திருக்கிறது என்பதுதான்.

இச்சரிவு இரு வகைப்படும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் விவாதம் பெரும்பாலும் குழம்பிவிடுகிறது. பல நிறுவனங்களின் பொருள்களையும் விற்கும் பெரிய அங்காடியுடன் மட்டும் உறவு கொண்ட மதிப்புரையாளருக்கு, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மிக்சிகளுள் எதை வாசகர் வாங்கினாலும் ஏறத்தாழ ஒரே வீதத்தில்தான் தரகு கிடைக்கும். எனவே பொருளுக்கும் பொருளுக்கும் இடையே ஓரவஞ்சனை செய்ய அவருக்குப் பெரிய தூண்டுதல் இல்லை. அவருக்குத் தேவை, வாசகர் சுட்டியைத் தொட வேண்டும் என்பதே. ஆனால் உற்பத்தி நிறுவனங்களே தனித்தனியாகத் தரகு கொடுக்கும் தொழில்களில் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு தொகை தருவதால், தரவரிசையின் முதலிடமே ஏலப்பொருளாகும் ஆபத்து உண்டு.

இரண்டாம் வகைக்கு அமெரிக்க மெத்தை வணிகம் தந்த பாடம் ஆழமாகக் கவனிக்கத் தக்கது. மெத்தையைப் பெட்டியில் சுருட்டி வீட்டுக்கே அனுப்பும் நிறுவனங்கள் 2014-க்குப் பின் பெருகியபோது, கடையில் படுத்துப் பார்க்கும் வாய்ப்பை இழந்த வாடிக்கையாளர்கள் மெத்தை மதிப்புரைத் தளங்களையே நம்ப வேண்டியதாயிற்று; அத்தளங்களோ விற்பனைக்கு இவ்வளவு என்று நிறுவனங்களிடம் தரகு பெற்று வாழ்ந்தன. 2016-இல் அத்துறையின் முன்னணி நிறுவனமான காஸ்பர், தன் போட்டியாளர்களிடம் பெறும் தரகைத் தக்கவாறு வெளிப்படுத்தாமல் வாசகரைத் திசைதிருப்புவதாகக் குற்றஞ்சாட்டி மூன்று மதிப்புரைத் தளங்களை நடத்தியோர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. பின்னர் 2017-இல், அவற்றுள் ஒன்றான ஸ்லீப்போபோலிஸ் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதை வாங்குவதற்கான நிதியுதவியைக் கொடுத்தது வழக்குத் தொடுத்த காஸ்பரே. மதிப்புரை என்னும் இடம் சந்தையில் எவ்வளவு பெறுமதியானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது: தரகு கொடுத்துத் தீர்ப்பைச் சாய்க்கலாம், வழக்கால் அதனை அடக்கலாம், இறுதியில் தீர்ப்புக் கூறும் மேடையே கைமாறுவதற்குப் பணம் கொடுக்கலாம். மூன்று கட்டங்களிலும் மெத்தையில் படுக்கப் போகிறவர் வெளியேதான் நின்றார்.

நிதித்துறையிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. கல்விக்கடன் நிறுவனங்களை நடுநிலையாக ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்துவதாகச் சொன்ன லெண்ட்எடு என்ற தளம், உண்மையில் பணம் கொடுப்பவர்க்கு ஏற்ப இடங்களை வழங்கியது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2020-இல் குற்றஞ்சாட்ட, அத்தளத்தார் 3,50,000 டாலர் செலுத்தச் சம்மதித்தனர்.

ஆயினும் எழுதப்பட்டதில் உள்ள சாய்வைவிட, எழுதப்படாமலே போவதில் உள்ள சாய்வு பெரிதென்று கொள்ள இடமுண்டு. அங்காடிகள் பொருள் வகைக்கேற்பத் தரகு வீதத்தை வகுப்பதாலும், விலை உயர்ந்த பொருளின் சிறு விழுக்காடே மலிவான பொருளின் பெரு விழுக்காட்டைக் காட்டிலும் மிகுதியாக இருக்கக் கூடுமாதலாலும், எந்தப் பொருளைப் பற்றி எழுதுவது என்ற முதல் முடிவிலேயே வருவாய்க் கணக்கு நுழைந்துவிடுகிறது. இணைய அங்காடியில் இல்லாத பொருளுக்குத் தரகும் இல்லை, ஆதலால் மதிப்புரையும் இல்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதை உருவாக்கும் சிறு பட்டறைகள் பலவற்றின் தயாரிப்பு, பாத்திரக் கடை வழியாகவும் தெரிந்தவர் சொல் வழியாகவும் வீடுகளுக்குச் செல்கிறது. அத்தகைய பட்டறை ஒன்றின் கிரைண்டர் எவ்வளவு நன்றாக மாவரைத்தாலும், ‘சிறந்த பத்து கிரைண்டர்கள்’ என்ற பட்டியலில் இடம்பெறுவதற்கு அதனிடம் சுட்டி இல்லை. கல்லைக் கொத்திப் புதுப்பிப்பது எப்போது, பெல்ட் மாற்றினால் போதுமா என்று விளக்கும் கட்டுரைக்கும் அதே கதிதான். பட்டியலைப் படிக்கும் வாசகர், சந்தையில் இருப்பவை இவ்வளவே என்று எண்ணிக்கொள்கிறார். விடுபட்டதை எந்த வெளிப்படுத்தல் குறிப்பும் அவருக்குச் சொல்லாது.

மறுபக்கத்தின் வாதமும் வலுவற்றதன்று. பத்துக் குளிர்சாதனப் பெட்டிகளை விலை கொடுத்து வாங்கி, மாதக்கணக்கில் மின்செலவை அளந்து எழுதுவதற்குப் பணம் வேண்டும். கட்டணம் கொடுத்துப் படிக்கும் வாசகர் குறைவு. ஜெர்மனியில் 1964-இல் நிறுவப்பட்ட ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட், தன் இதழில் விளம்பரம் ஏற்காமல், பொருள்களைச் சாதாரண வாடிக்கையாளர் போலக் கடையில் வாங்கிச் சோதிக்கிறது. அத்தகைய அமைப்பைத் தாங்க அந்நாட்டு அரசு நிதி கொடுத்தது. அகமதாபாதில் 1978-இல் தோன்றிய நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் இந்தியாவில் ஒப்பீட்டுச் சோதனைகளை நடத்தியிருக்கிறது. அதன் பணியின் அருமையை எண்ணும்போது, அத்தகைய அமைப்புகள் இந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே இருப்பது வருத்தத்துக்குரியது. 1936-இலிருந்து விளம்பரத்தையே மறுத்து வந்த அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் கூட, இன்று தன் தளத்தில் தரகுச் சுட்டிகளை வைத்து, அதில் கிடைப்பதைத் தன் இலாபநோக்கற்ற பணிக்கே செலவிடுவதாக அறிவிக்கிறது. ஆகவே தரகுச் சுட்டியை முற்றாக விலக்குவோர் மட்டுமே நேர்மையானவர் என்று கோடு கிழிப்பது பொருந்தாது.

2011-இல் தொடங்கி 2016-இல் சுமார் 3 கோடி டாலருக்கு நியூயார்க் டைம்ஸ் வாங்கிய வயர்கட்டர் என்ற பொருள் மதிப்புரைத் தளம், பெரிதும் இத்தரகை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. எந்தெந்த நிறுவனங்களுடன் தரகு உறவு இருக்கிறது என்பது பொருளைத் தேர்ந்தெடுக்கும் எழுத்தாளர்களுக்குத் தெரியாதவாறு காக்கப்படுகிறது என்பதும், வாங்கிய பொருளை வாசகர் திருப்பியனுப்பினால் தரகும் போய்விடுமாதலால் மோசமான பரிந்துரை தனக்கே நட்டம் என்பதும் அதன் விளக்கங்கள். முதல் விளக்கம் உண்மையான பாதுகாப்பு. இரண்டாவது பாதிதான் செல்லும்: கெட்ட பொருளைத் திருப்பியனுப்புவோர் உண்டு, நன்றாகவே இயங்கும், ஆனால் தேவையே இல்லாத பொருளைத் திருப்பியனுப்புவோர் குறைவு. மேலும், தரகை நம்பி நிற்கும் பதிப்பகத்தின் உயிர் அங்காடியின் கையில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன் மற்றும் வீட்டு உபயோகப் பொருள்களுக்கான தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாக ஒரே அறிவிப்பில் குறைத்தபோது பேரம் பேச எந்தப் பதிப்பகத்துக்கும் வழியில்லை. வீதம் குறைந்தால் அதே வருவாய்க்கு மேலும் பல கட்டுரைகள் வேண்டும்; கட்டுரைகள் பெருகினால் சோதனை மெலியும். அந்த மெலிவு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2023 நவம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் கண்டோம்: வெளி நிறுவனம் ஒன்று அளித்த பொருள் மதிப்புரைகள், உலகில் இல்லாத எழுத்தாளர்களின் பெயரிலும் கணினி உருவாக்கிய முகப்படங்களுடனும் வெளிவந்திருந்தன.

சட்டம் இதுவரை பெரிதும் நம்பியிருப்பது வெளிப்படுத்தலை. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை, சமூக ஊடகங்களில் பொருளைப் பரிந்துரைப்போர் தமக்குக் கிடைக்கும் ஆதாயத்தைக் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்றும், அச்சொல் ஹேஷ்டேக்குகளுக்கும் சுட்டிகளுக்கும் இடையில் புதைந்துவிடக் கூடாது என்றும் விளக்கியது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரையும் மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட ஐஎஸ் 19000 என்ற தரநிலையோ, வாங்கியவர்கள் இணையத்தில் பதியும் கருத்துகளைப் பற்றியது. இதழ்களின் மதிப்புரைகளுக்கு அது உதவாது.

வெளிப்படுத்தல் தேவையானது, ஆனால் இப்போது வழங்கும் வடிவில் அது பெரும்பாலும் சடங்கு. ‘அஃபிலியேட் லிங்க்’ என்ற சொற்கள் மட்டும் இருந்தால், எழுதியவர் பணம் பெறுகிறார் என்பது பொதுமக்களுக்கு விளங்காமல் போகலாம் என்று அமெரிக்க ஆணையமே தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோரின் நிலை இதுவென்றால், முழுதும் தமிழில் அமைந்த மதிப்புரையின் அடியில், அங்காடி வகுத்துக் கொடுத்த ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒட்டி வைப்பதால் தமிழ் வாசகருக்கு என்ன தெரியும்? பரிந்துரை தமிழிலும் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இருப்பது வெளிப்படுத்தல் ஆகாது.

தமிழில் பொருள் மதிப்புரை வெளியிடும் இதழ்களும் தளங்களும் சட்டம் வற்புறுத்தும்வரை காத்திருக்காமல் சிலவற்றை இன்றே செய்யலாம். தீர்ப்பை எழுதி முடித்த பின்னரே, எழுதாத வேறொருவர் சுட்டியைச் சேர்க்கட்டும். சுட்டி இல்லாத உள்ளூர்த் தயாரிப்பும் ஒப்பீட்டில் இடம்பெறட்டும். ஓர் ஆண்டில் வெளியிட்ட மதிப்புரைகளுள் எத்தனை ‘வாங்க வேண்டாம்’ என்று முடிந்தன என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் அச்சிடட்டும். அந்த எண் சுழியமாயின் வாசகருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஒவ்வொரு சுட்டியின் அருகிலும், கட்டுரையின் எழுத்தளவிலேயே, இந்த இரண்டு வாக்கியங்களும் இருக்கட்டும்: ‘இதன் வழியாக நீங்கள் வாங்கினால் விற்பவர் எங்களுக்குத் தரகு தருவார். நீங்கள் வாங்காவிட்டால் எங்களுக்கு எதுவும் கிடைக்காது.’