கிழித்த பிறகு வரும் குட்டிச் சொல்

தொடக்கநிலை நான்கில் படித்தபோது பள்ளி முகாமுக்கு ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். நடுவில் புள்ளிக்கோடு. அதற்குக் கீழே உள்ள துண்டில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு, அதை மட்டும் கிழித்துக் கொடுக்க வேண்டும். விளையாடப் போகிற அவசரத்தில் வாசலில் நின்றபடியே, “மா, டீச்சர் அந்த ஃபார்மை டேர் பண்ணச் சொன்னாங்க” என்று கத்திவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது படிவம் நான்கு துண்டாகிக் குப்பைக்குப் போயிருந்தது. “நீதானே கிழிக்கச் சொன்ன?” என்றார் அம்மா. ஆசிரியரிடம் இன்னொன்று கேட்கப் பயந்து பயந்தே கடைசி நாளைக் கோட்டை விட்டேன். முகாமும் போயிற்று.

அம்மா மேல் தவறே இல்லை. ‘டேர் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’பை விழுங்கியது நான். ‘ஸ்விட்ச் ஆஃப் பண்ணு’ என்னும்போது ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும் அந்தக் குட்டிச் சொல், ‘டேர் பண்ணு’ என்னும்போது எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ!

ஒட்டியிருக்கும் ஒன்றைப் பிரித்தெடுத்தால் ‘டேர் ஆஃப்’. கூப்பன், நாள்காட்டித் தாள் எல்லாம் இந்த வகை. நோட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு பக்கத்தை எடுத்தால் ‘டேர் அவுட்’. இரண்டிலும் கிழித்தது முழுதாகக் கையில் இருக்கும். ‘டேர் அப்’ என்றால் சுக்குநூறு. இந்த ‘அப்’புக்கும் மேலே போவதற்கும் சம்பந்தமில்லை. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ போல, மிச்சமில்லாமல் முடிந்தது என்று சொல்ல வருகிறது.

இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். தமிழில் இதே வேலையை நாம் துணைவினையை வைத்துச் செய்கிறோம். கிழித்தெடு, கிழித்துப்போடு என்ற இரண்டையும் யாராவது குழப்பிக்கொள்வார்களா? ‘எடு’ வருகிற இடத்தில் ‘ஆஃப்’ அல்லது ‘அவுட்’. ‘போடு’ வருகிற இடத்தில் ‘அப்’. எல்லா இடத்திலும் பொருந்தாதுதான். சாலையை ‘டேர் அப்’ செய்கிறார்கள் என்றால் தோண்டிப் போடுகிறார்கள் என்று அர்த்தம். (பார்த்தீர்களா, இங்கேயும் ‘போடு’ வந்துவிட்டது.)

கட்டடம் என்றால் ‘டவுன்’. 1987 ஜூன் 12 அன்று பெர்லினில் ரோனல்ட் ரீகன் அந்தச் சுவரை என்ன செய்யும்படி கோர்பச்சேவிடம் கேட்டார்? ‘டேர் டவுன்’. ஸ்டாம்ஃபோர்டு சாலையில் இருந்த நம் பழைய தேசிய நூலகத்துக்கும் அதே சொல்தான். 2004-இல் மூடினார்கள், பிறகு சுரங்கச்சாலைக்காக இடித்தார்கள். மேலாளர் உங்களைக் கூட்டத்தில் கிழித்துத் தொங்கவிட்டால் அது ‘டேர் இன்டு’. அம்மா பக்கமா மனைவி பக்கமா என்று தவிப்பவர் ‘டோர்ன் பிட்வீன்’. அவருக்கு இலக்கணத்தால் உதவ முடியாது.

ஒலிவாங்கி முன் உட்காருகிற எனக்கு இன்னொரு பயமும் உண்டு. கிழிப்பது ‘டேர்’, கண்ணீர் ‘டியர்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். (தமிழில் எழுதினால் அன்புள்ள ‘டியர்’ வேறு வந்து நிற்கிறது!) ஆகவே ‘டேர் அப்’ என்றால் சுக்குநூறாகக் கிழிப்பது, ‘டியர் அப்’ என்றால் கண் கலங்குவது. இறந்தகாலத்தில் தப்பித்துவிடலாம்: கிழித்தது ‘டோர் அப்’, கலங்கியது ‘டியர்ட் அப்’. நிகழ்காலத்தில்தான் ஆபத்து. கடிதத்தைப் படித்ததும் அவர் கண் கலங்குகிறார் என்று வாசிக்க வேண்டியதை, கிழித்துப் போடுகிறார் என்று வாசித்துவிட்டால் கதையே மாறிவிடும். அதனால் என் பிரதியில் அந்தச் சொல் வந்தால், மேலே தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பத்திக்காகப் பழைய படிவக் கதையை அம்மாவுக்கு நினைவுபடுத்தி, ‘ஆஃப்’, ‘அப்’ என்று நீளமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“இதை அன்னைக்கே தமிழ்ல சொல்லியிருக்கலாமே” என்றார்.