கராகோஸ் பாவையும் மாறிய நகையும்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார் தொல்காப்பியர். அது தோன்றும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் அவர் சுட்டினார். ஒரு கலை இந்நான்கனுள் எதனைப் பற்றி நிற்கிறது, காலப்போக்கில் எதனைக் கைவிடுகிறது என்று நோக்குவோமானால், அக்கலையை வளர்த்த சமுதாயம் சென்ற வழியும் நமக்குப் புலனாகும். இதற்குத் தக்கதொரு சான்று, துருக்கி நாட்டு நிழற்பாவைக் கூத்தாகிய கராகோஸ். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆடப்பட்டு வரும் அக்கூத்தில் பாவைகள் பெரிதும் மாறவில்லை. ஆயின் அவை எழுப்பும் சிரிப்பு மாறிவிட்டது. அம்மாற்றத்தில் பெற்றது எது, இழந்தது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூத்தின் அமைப்பு

ஒட்டகம் அல்லது எருமையின் தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, வண்ணம் தீட்டி, கோல் செருகிப் பாவைகள் செய்யப்படுகின்றன. வெண்திரைக்குப் பின்னே விளக்கு எரியும். 'ஹயாலீ' எனப்படும் ஒரே கலைஞர் எல்லாப் பாத்திரங்களுக்கும் தாமே குரல் கொடுத்து ஆட்டுவார். உதவியாளர் ஒருவர் பாவைகளை எடுத்துக் கொடுப்பார். தஃப் என்னும் கொட்டும் முழங்கும்.

பாத்திரங்களுள் தலைமையானோர் இருவர். கராகோஸ் என்பதற்குக் 'கருங்கண்ணன்' என்பது பொருள். அவன் எழுத்தறியாதவன், நிலையான தொழில் இல்லாதவன், மனத்தில் பட்டதைப் பட்டவாறே சொல்பவன். ஹாஜிவாத் சற்றே படித்தவன். அரபு, பாரசீகச் சொற்கள் மிடைந்த உயர்நடையில் பேசுபவன். யாரிடம் எப்படிப் பேசினால் காரியம் ஆகும் என்பதை அறிந்தவன். முன்னுரை, உரையாடல், கதை, முடிப்பு என நான்கு பகுதிகளாகக் கூத்து நடைபெறும். இவற்றுள் உரையாடற் பகுதிக்கும் கதைக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஆகவே அன்றன்று ஊரில் நடந்ததை எல்லாம் அதில் நுழைக்கலாம். கராகோஸின் நகைச்சுவைக்கு உயிர்நிலை இதுவே.

ரமளான் இரவுகளே இக்கூத்துக்குரிய சிறப்பான காலம். தராவீஹ் தொழுகை முடிந்த பின்னர் மக்கள் காப்பிக் கடைகளில் கூடுவர். இரவுக்கு ஒன்றாக நடத்தும் வகையில் 28 நாடகங்களைக் கலைஞர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது மரபு. லைலத்துல் கத்ர் இரவில் ஆட்டம் இல்லை.

மார்க்க அறிஞர்கள் இதனை எங்ஙனம் ஏற்றனர் என்ற ஐயம் எழலாம். 16ஆம் நூற்றாண்டில் ஷைகுல் இஸ்லாமாக விளங்கிய அபுஸ் ஸுஊத் எஃபந்தி, படிப்பினை பெறும் நோக்குடன் காண்பதில் குற்றமில்லை என்று கருதினார். கூத்தின் தொடக்கத்தில் ஹாஜிவாத் பாடும் திரைப்பாட்டும் இதற்கு இயைந்ததே. திரை என்பது இவ்வுலகம்; நிழல்கள் நாம்; ஆட்டுவிப்போன் கண்ணுக்குப் புலப்படாதவன் என்னும் சூஃபியக் கருத்து அதில் அமைந்திருக்கும். இத்தகைய பாட்டு முடிந்தவுடன்தான் கராகோஸ் மேலிருந்து குதித்து ஹாஜிவாத்தை அடிப்பான். மெய்ஞ்ஞானமும் அடிதடியும் ஒரே திரையில் அடுத்தடுத்து இடம்பெற்றன.

அரண்மனையும் காப்பிக் கடையும்

கராகோஸும் ஹாஜிவாத்தும் புர்ஸா நகரில் பள்ளிவாசல் கட்டிய தொழிலாளர்கள் என்றும், அவர்களது வேடிக்கைப் பேச்சால் வேலை தடைப்படவே சுல்தான் அவர்களைக் கொல்வித்துப் பின்னர் வருந்தினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இது வரலாறன்று. ஆயினும் சிரிக்க வைத்தவர்கள் தண்டனைக்கு ஆளானார்கள் என்று மக்கள் நம்பியதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது.

வரலாறு வேறொரு செய்தியைத் தருகிறது. 1517இல் எகிப்தை வென்ற முதலாம் சலீம், கெய்ரோவில் ஒரு நிழற்கூத்தைக் கண்டார். தோற்றுப் போன மம்லூக் சுல்தான் தூமான் பே தூக்கிலிடப்பட்டதையும், தூக்குக்கயிறு இரு முறை அறுந்ததையும் அக்கூத்து நடித்துக் காட்டியது. சலீம் மகிழ்ந்து கலைஞருக்குப் பரிசளித்து, தம் மகன் சுலைமானும் காண வேண்டும் என்று இஸ்தான்புல்லுக்கு அழைத்துச் சென்றதாக எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் எழுதியுள்ளார். வென்றவன் முன்னிலையில் வீழ்ந்தவனைக் காட்டிச் சிரித்த சிரிப்பு அது.

அதே நிழற்கலை காப்பிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது அதன் திசை மாறிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இஸ்தான்புல் வந்த ஐரோப்பியப் பயணிகள், பாஷாக்களையும் அமைச்சர்களையும் கராகோஸ் கூசாமல் சாடியதைக் கண்டு வியந்தனர். அவனது பேச்சில் இருந்த ஆபாசத்தைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. எள்ளலும் இழிசொல்லும் பின்னிக் கிடந்த காலம் அது.

பின்னர்ச் சுல்தான் அப்துல் அஜீஸ் காலம் (1861-1876) தொடங்கி அரசின் பிடி இறுகியது. இரண்டாம் அப்துல் ஹமீது ஆட்சியில் (1876-1909) தணிக்கை மேலும் கடுமையாயிற்று. பாஷாக்கள் திரையை விட்டு மறைந்தனர். சொல் விளையாட்டும் அடிதடியும் எஞ்சின. 1908இல் அரசியல் சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்த உடனே 'கராகோஸ்' என்ற பெயரிலேயே ஒரு நகைச்சுவை இதழ் தோன்றி 1955 வரை வெளிவந்தது. திரையில் வாயடைக்கப்பட்ட பாவை அச்சில் பேசத் தொடங்கியது எனலாம்.

குடியரசு அமைந்த பின்னர் வேறொரு மாற்றம் நேர்ந்தது. 1932இல் நிறுவப்பட்ட 'மக்கள் இல்லங்கள்' கராகோஸைச் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பும் கருவியாக்க முயன்றன. அரசை எள்ளியவன் அரசின் ஆசிரியனாக மாற்றப்பட்டான். அறிவுரை கூறும் கோமாளியைப் பார்த்து மக்கள் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள்?

மொழி மாற்றமும் நகையின் இழப்பும்

தமிழ் பயில்வோர் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஹாஜிவாத் உயர்நடையில் ஒன்றைச் சொல்வான். கராகோஸ் அதனை ஒலியால் ஒத்த வேறொரு நாட்டுச் சொல்லாகக் கேட்டு விடை கூறுவான். இக்கூத்தின் சிரிப்பில் பெரும்பகுதி இவ்வாறு பிறந்ததே. கற்றோர் மொழிக்கும் மக்கள் மொழிக்கும் இருந்த இடைவெளியே அச்சிரிப்பின் ஊற்று.

1928இல் துருக்கியின் எழுத்து மாற்றப்பட்டது. 1932 முதல் அரபு, பாரசீகச் சொற்களைக் களையும் இயக்கம் வலுப்பெற்றது. முஸ்தஃபா கமால் 1927இல் ஆற்றிய புகழ்பெற்ற நெடுஞ்சொற்பொழிவையே பிற்காலத்தார் படித்துணரப் புதிய துருக்கியில் எழுத வேண்டியதாயிற்று. இந்நிலையில் ஹாஜிவாத்தின் மொழியை யார் அறிவர்? பழைய அவையினர் இருவர் பேச்சையும் புரிந்துகொண்டு, கராகோஸ் தவறிய இடத்தில் சிரித்தனர். புதிய அவையினரோ கராகோஸைப் போலவே ஹாஜிவாத்தைப் புரிந்துகொள்ளாதவர் ஆயினர். பேதைமையைக் கண்டு சிரிக்க வேண்டியவரே பேதைமையில் நின்றால் நகை எங்ஙனம் தோன்றும்? ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ரிட்டர், அரண்மனைக் கலைஞர் நஸீஃப் பேயிடமிருந்து தொகுத்த நாடகங்களை 1924, 1941, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அத்தொகுதிகளால் சொற்கள் பிழைத்தன. சிரிப்பை உணர்வதற்கோ இன்று உரை வேண்டும்.

உடனிருந்தோரைப் பார்த்துச் சிரித்தல்

இக்கூத்தில் அரபியர், பாரசீகர், அல்பானியர், லாஸ் படகோட்டி, ஆர்மீனியர், யூதர், ஐரோப்பியர் எனப் பலரும் தத்தம் பேச்சு வழக்கோடு வருவர். ஒவ்வொருவர் உச்சரிப்பும் நகைப்புக்குரியதாகும். இதனை முற்றிலும் குற்றமற்றது என்று சொல்வதற்கில்லை. எனினும் அந்நாளைய இஸ்தான்புல்லில் இவர்கள் எல்லாரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். மேலும் துருக்கியனான கராகோஸே எல்லாரினும் மிகுதியாக அடிபடுவான், ஏமாறுவான், சிரிப்புக்கு இடமாவான்.

1915இல் ஆர்மீனியர்க்கு நேர்ந்த பேரழிவும், 1923இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே செய்யப்பட்ட மக்கள் பரிமாற்றமும், 1955 செப்டம்பரில் இஸ்தான்புல் கிரேக்கர்கள் மீது நடந்த வன்முறையும் அப்பன்மையைச் சிதைத்தன. அடுத்த வீட்டுக்காரர் இல்லாமற்போன பின்னர் அவரது உச்சரிப்பைக் கேலி செய்வது வேறு பொருள் தருவதாகும். நாடகத்தின் சொல் மாறாமலே நகை மாறிவிடுகிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய ஹுஜுராத் விடுக்கும் எச்சரிக்கை இங்கே நினைவுகூரத்தக்கது.

குழந்தைகளின் கராகோஸ்

20ஆம் நூற்றாண்டில் ஹயாலீ கூச்சுக் அலி (1886-1974) போன்ற கலைஞர்கள் இக்கலையை அழியாமல் காத்தனர். வானொலிக்கும் கொண்டு சென்றனர். ஆயினும் கூத்து படிப்படியாகச் சிறுவர்க்கு உரியதாயிற்று. 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் கராகோஸை மனித குலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. இன்று அரங்குகளிலும் பள்ளிகளிலும் பெருநகர் அங்காடி வளாகங்களிலும் அது ஆடப்படுகிறது. எள்ளலில் நின்ற நகை இளமையில் வந்து அடங்கிவிட்டது.

காலம் மாறினால் கலையும் இவ்வாறு தேயத்தானே வேண்டும் என்று சிலர் கூறலாம். அதற்கு மறுமொழி கிரேக்கத்தில் இருக்கிறது. துருக்கியரிடமிருந்து அங்குச் சென்ற இப்பாவை 'கராகியோஸிஸ்' என்ற பெயருடன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க மண்ணுக்கு ஏற்ப உருமாறியது. அங்கும் ஆபாசம் நீக்கப்பட்டது, குடும்பத்தோடு காணத்தக்கதாயிற்று. ஆயின் திரையின் ஒருபுறம் பாஷாவின் அரண்மனை. மறுபுறம் கராகியோஸிஸின் ஓட்டைக் குடிசை. அவன் எப்போதும் பசித்திருப்பான். சூழ்ச்சியால் வயிறு நிரப்ப முயல்வான். யூஜினியோஸ் ஸ்பதாரிஸ் (1924-2009) போன்ற கலைஞர்கள் அதனை நம் காலம் வரை வளர்த்தனர். அழுக்கு போயிற்று, குடிசைக்கும் அரண்மனைக்கும் இடையிலான கேள்வி போகவில்லை.

முடிவாக

கராகோஸின் வாயிலிருந்த இழிசொற்களைக் களைந்தது தவறன்று. குடும்பத்தோடு அமர்ந்து காண இயலாத நகைச்சுவைக்கு வழக்காடும் எண்ணம் எமக்கில்லை. ஆனால் இழிசொல்லைக் களையும்போது கேள்வியையும் சேர்த்துக் களைந்துவிட்டனர் என்பதே எமது வருத்தம். வலியவனை நோக்கிய எள்ளலுக்குத் தடை வந்தது. மொழியறியாதவன் மீதும் வேற்றினத்தான் மீதும் தொடுத்த எள்ளலுக்கோ நெடுங்காலம் தடையில்லை. எதனை முதலில் நீக்கியிருக்க வேண்டும் என்பதைச் சான்றோர் சிந்திக்க வேண்டும்.

இது துருக்கிக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் தோற்பாவைக் கூத்திலும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணக் கதைக்கிடையே புகுந்து ஊர்ச் செய்தி பேசிச் சிரிக்க வைப்பர். நம் கல்லூரி விழாக்களில் மேடையேறும் நகைச்சுவை நாடகங்களையும் சற்றே உரைத்துப் பாருங்கள். யாருடைய பேச்சு வழக்கு, யாருடைய நிறம், யாருடைய வறுமை அங்கே சிரிப்புப் பொருளாகிறது? நாடகம் எழுதும் மாணவச் செல்வங்கள் இவ்வினாவைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவர்கள் நம்மையே நாகரிகமாக எள்ளும்போது முகம் கோணாமல் அமர்ந்திருக்க ஆசிரியர்களாகிய நாமும் பெரியோர்களும் பழகிக்கொள்ள வேண்டும்.

கூத்தின் முடிவில் கராகோஸ், தன் நா தவறிப் பேசியிருந்தால் பொறுத்தருளுமாறு அவையினரை வேண்டிக்கொள்வது மரபு. அந்த வேண்டுகோள் இன்றும் ஒலிக்கிறது. பொறுத்தருள வேண்டிய அளவுக்கு அவன் இன்று எதுவும் பேசுவதில்லை என்பதுதான் குறை.