கவர் வேண்டாம் ஹஜ்ரத், நாலு மணி நேர வேலை சொல்லுங்க!

கடந்த ரமளானில் எங்கள் மஹல்லாவில் ஜகாத் விநியோகம் நடந்தது. பள்ளிவாசல் படிக்குக் கீழே, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் ஒரு சகோதரர் காத்திருந்தார். வளைகுடாவில் பல வருடம் டிரைவராக இருந்தவர். அங்கே நடந்த விபத்தில் இடுப்பும் வலது காலும் நொறுங்கி ஊர் திரும்பினார். ஊன்றுகோலுடன் கொஞ்ச தூரம் நடப்பார். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் வலி வந்துவிடும். ஆறு படி ஏற முடியாது என்பதால் கவரை நானே கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஹஜ்ரத், இது நாலாவது வருஷம். வேணாம்னு சொல்லல, வீட்ல தேவை இருக்கு. ஆனா ஜமாஅத்துல கடை வாடகைக் கணக்கு எழுத ஆள் தேடுறாங்களாமே! என் கை நல்லாத்தானே இருக்கு? என்னை ஏன் ஒருத்தரும் கேக்கல? ஒரு நாலு மணி நேர வேலை இருந்தா சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. நிர்வாகிகளிடம் கேட்டேன். "அவரால நாள் முழுக்க உட்கார முடியாதே ஹஜ்ரத்" என்றார்கள். அந்த வேலைக்கு நாள் முழுக்க உட்கார வேண்டுமா என்று யாரும் யோசிக்கவில்லை. உண்மையில் அது தினம் இரண்டு மணி நேர வேலை.

நடமாட்டம் குறைந்தவர்களின் வேலைவாய்ப்பு பற்றிப் பேசும்போது நம் சமுதாயம் செய்யும் முதல் தவறு இதுதான். அவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம். அவர்களிடம் என்ன வேலை வாங்கலாம் என்று யோசிப்பதில்லை.

சட்டம் தருவது இடம், நமக்குத் தேவை நேரம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழகத்தில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். நாடு முழுவதும் அவர்களில் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. அரசு வேலையில் இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்தது. அதில் கை, கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களின் பங்கு 1 சதவீதம். பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அரசு அலுவலகங்கள் ஊழியரின் நிலைக்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்து தரவேண்டும். தனியார் நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வகையில் ஊக்கச் சலுகைகள் தரவும் சட்டம் சொல்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் இடஒதுக்கீடு என்பது பெரும்பாலும் முழு நேரப் பணியிடங்களுக்கான கணக்கு. தேர்வு எழுதி, தினமும் எட்டு மணி நேரம் அலுவலகம் போய் வரக்கூடியவருக்கு அது உதவும். முதுகுத் தண்டு பாதித்தவர், முடக்குவாதத்தால் காலையில் விரல் மடக்க முடியாதவர், பக்கவாதத்திலிருந்து மெல்ல மீள்பவர் ஆகியோருக்கு வேண்டியது மூன்று, நான்கு மணி நேர வேலை. பகுதி நேரம் கேட்பதற்கென்று தனி உரிமை எதையும் சட்டம் தரவில்லை.

இதை அரசு ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டது. 100 நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழு நாள் கூலி என்று தமிழக அரசு 2012-ல் ஆணையிட்டது. அவர்களின் நான்கு மணி நேர உழைப்பு மற்றவரின் எட்டு மணி நேரத்துக்குச் சமமான சிரமம் என்பதை அந்த ஆணை ஏற்றுக்கொண்டது. ஏட்டில் உள்ளது களத்தில் கிடைக்க மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராட வேண்டியிருந்தது வேறு கதை. ஆனாலும் அந்தச் சிந்தனை நம் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து சேரவில்லை.

முதலில் அட்டை

பல குடும்பங்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே வாங்கவில்லை. "வெளியே தெரிஞ்சா தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது" என்று மகளை வீட்டுக்குள் வைத்திருக்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று இருந்தால்தான் இடஒதுக்கீடு உள்ளிட்ட முக்கியச் சலுகைகளைக் கேட்க முடியும். தேசிய அடையாள அட்டைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், மோட்டார் தையல் இயந்திரம் போன்ற உதவிகளும் அந்த வழியாகவே வருகின்றன.

வேலைக்குப் போனால் மாத உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அதை அதே அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி வந்த வேலையை விடக்கூடாது.

உடலின் கணக்கு

வேலை தேடும் முன் குடும்பமாக உட்கார்ந்து சில கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஒரே இருப்பில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? வலி குறைவாக இருப்பது காலையிலா, மாலையிலா? போய் வர யார் துணை, என்ன செலவு? ஆட்டோவுக்கே பாதிச் சம்பளம் போனால் அது வேலையே அல்ல. எல்லாவற்றையும் விட முக்கியமானது கழிப்பறை. கூச்சத்தால் யாரும் கேட்பதில்லை. தரைக் கழிப்பறை மட்டும் உள்ள இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலேயே நாளை ஓட்டி, சிறுநீர்த் தொற்றுடன் வேலையை விட்ட பெண்கள் உண்டு. சேரும் முன்பே கேட்பதில் வெட்கமில்லை.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு வேலையைப் பாருங்கள். குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதத் தெரிந்த ஆலிமாக்கள் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் ஓதிக்கொடுக்கிறார்கள். துபாயில் மாலை 5 மணி என்றால் இங்கே 6.30. மக்ரிபை ஒட்டி இரண்டு மணி நேரம் போதும், வாசல் தாண்ட வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன், கடைகளுக்குக் கணக்கு, ஜிஎஸ்டி பில் பதிவு, திருமண மண்டப முன்பதிவுக்குப் பதில் சொல்லும் தொலைபேசி வேலை, தையல் ஆகியவையும் நேரத்தைப் பிரித்துச் செய்யக்கூடியவை.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டு வேலை என்பதாலேயே அது நல்ல வேலை ஆகிவிடாது. மேலப்பாளையத்தில் நம் பெண்கள் தலைமுறைகளாக வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். குனிந்த முதுகும் புகையிலைத் தூசியும் நல்ல உடலையே வாட்டும். ஏற்கெனவே பாதித்த உடலுக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது. இன்னொன்று, "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, தினம் ஆயிரக்கணக்கில் வருமானம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் வாட்ஸ்அப் செய்திகள். வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

ஜகாத் எதற்கு?

தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழில் கருவியை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று ஷாஃபி மத்ஹப் அறிஞர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார்கள். ஹனஃபி மத்ஹபிலும் பொருளை அவருக்கே உடைமையாக்கிக் கொடுத்தால் தடையில்லை. அப்படியிருக்க, ஒருவருக்கு வருடந்தோறும் ஆயிரம் ரூபாய் கவர் கொடுத்து அவரைப் பத்து வருடமும் ஏழையாகவே வைத்திருக்கிறோம். நாலைந்து பேரின் ஜகாத்தைச் சேர்த்தால் ஒரு லேப்டாப், ஒரு தையல் இயந்திரம், முதுகுக்கு ஏற்ற ஒரு நாற்காலி வாங்கலாம்.

அரசின் தொழில் கடன்கள் வட்டியுடன் வருகின்றன. அதனால் ஒதுங்கி நிற்பவர்களுக்கு மாற்று வழி காட்டாமல் "வட்டி ஹராம்" என்று மட்டும் மிம்பரில் சொல்லிவிட்டு இறங்கினால் எங்கள் கடமை முடிந்துவிடாது. வட்டியில்லாக் கடன் நடத்தும் பைத்துல்மால்கள் விண்ணப்ப வரிசையில் இவர்களை முன்னால் வைக்கட்டும்.

கூலி விஷயத்திலும் நேர்மை வேண்டும். "பாவம், ஏதோ கொடுப்போம்" என்று பாதிச் சம்பளம் கொடுப்பது தர்மம் அல்ல. இரண்டு மணி நேர வேலைக்கு மற்றவருக்கு என்ன கூலியோ அதுவே இவருக்கும்.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உதவித்தொகையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாம் வெளியூர் சென்ற நாட்களில் பலமுறை மதீனாவையே அவர் பொறுப்பில் விட்டுச் சென்றார்கள். நம் ஜமாஅத்களில் எத்தனை பொறுப்புகளில் இப்படி ஒருவர் இருக்கிறார்? 2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. பஞ்சாயத்தில் அவருக்கு நாற்காலி போடும் காலத்தில், ஜமாஅத்தில் அவருக்கு ஒரு கணக்குப் புத்தகம்கூடக் கொடுக்க நாம் தயங்குகிறோம்.

அந்தச் சகோதரர் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஷவ்வாலிலிருந்து வாடகைக் கணக்குப் புத்தகம் அவர் வீட்டுக்குப் போகிறது. அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் எழுதுகிறார், படுக்கிறார், இஷாவுக்குப் பிறகு மீதியை முடிக்கிறார். மூன்று கடைக்காரர்கள் பல மாதமாக வாடகை பாக்கி வைத்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். சம்பளம் பெரிதில்லை, அது மட்டும் வைத்துக் குடும்பம் நடக்காது. இன்னொரு கடையின் கணக்கும் கேட்டிருக்கிறார்.

முதல் மாதச் சம்பளம் வாங்க வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் வந்தார். நான்தான் கீழே இறங்கிப்போய்க் கொடுத்தேன். பள்ளிவாசலில் இன்னும் அதே ஆறு படி. பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட வேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.