பறவையைக் கண்டோர் கடமை

திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு வந்துசென்ற பறவைகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிக் குறித்துவந்த அன்பர்களின் உழைப்புக்கு இதில் பங்குண்டு. ஆதலின், கண்டதை அறிவித்தல் கூடாதென்று நாம் சொல்லோம்.

நிற்க. குளத்து வாத்து வேறு; கூட்டிலமர்ந்த பாறு வேறு. மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டையிடுவது. டைக்ளோஃபெனாக் என்னும் கால்நடை மருந்தால் இந்நாட்டில் அவ்வினம் நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்தது. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தும் இழப்பு ஈடாகவில்லை. அத்தகைய கூட்டின் இடத்தைப் படத்தோடு ஊரறியப் பறைசாற்றினால், மறுநாளே காமிராக் கூட்டம் மரத்தடியில் நிற்கும். தாய்ப்பறவை வெருண்டு அகலுமாயின், அவ்வாண்டின் குஞ்சும் போயிற்று.

செய்யத்தக்கது யாது? இனத்தையும் நாளையும் கணக்கில் எழுதுக. கூட்டின் இடத்தை வனத்துறைக்கு மட்டும் உரைக்க. ஈ-பேர்ட் பதிவேடும் ஆபத்திலுள்ள பறவைகள் சிலவற்றின் இருப்பிடத்தைப் பொதுமக்கள் பார்வையினின்று மறைத்தே வைக்கிறது. பாதிக்கப்பட்டோர் பெயரை வெளியிடாது வழக்கை நடத்தும் நீதிமுறை நமக்குப் புதிதன்று. அங்கு சாட்சியமும் கெடுவதில்லை, மானமும் காக்கப்படுகிறது.

முதலிற் கண்டவர் என்னும் பெயரினும் ஒரு குஞ்சின் உயிர் பெரிது. கொங்குநாட்டுப் பறவை அன்பர்கள் இதனை நெறியாகக் கொள்வாராக.