அம்மம்மா எந்த எயார்போர்ட்டில் இறங்குவது?

அம்மம்மா லண்டன் போக மாமா மலிவாய் ஒரு ரிக்கெற் பார்த்திருக்கிறார். இடையில் விமானம் மாறவேண்டும். மிச்சம் பிடிக்கிற காசை அவவின்ர முழங்கால்தான் கட்டப்போகுது.

லண்டனில் நடை குறைந்தது லண்டன் சிற்றி எயார்போர்ட். ஆனால் அதன் ஓடுபாதை 1508 மீற்றர்தான். கொழும்பிலிருந்து போகிற பெரிய விமானங்கள் அங்கே இறங்க ஏலாது. எங்கட சனத்துக்கு ஹீத்ரோதான். அங்கே விமானத்தால் இறங்கிக் குடிவரவு வரிசைக்குப் போவதற்கே நல்ல நடை. அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இடையில் இன்னொரு பெரிய எயார்போர்ட்டில் கேற் தேடி அலைவதைத் தவிர்க்கலாம்; கட்டுநாயக்காவிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. வயதானவர்களுக்கு எந்த எயார்போர்ட் என்பதைவிட எத்தனை எயார்போர்ட் என்றுதான் பார்க்கவேணும்.

வீல்செயாருக்குத் தனிக்காசு இல்லை. 48 மணித்தியாலத்துக்கு முதலே விமான நிறுவனத்துக்குச் சொல்லிவைத்தால் சரி. சொல்லத்தான் அம்மம்மா விடுகிறா இல்லை.

"நான் என்ன ஏலாவாளியோ?"

கோபம் நியாயம்தான். அவவைக் கேட்காமல் நாங்களே முடிவெடுத்துவிட்டோம்.

"இல்லை அம்மம்மா, அங்க பேரனோட நடக்கக் கால் வேணுமெல்லோ?"

கொஞ்சம் யோசித்தா. "அப்ப தள்ளுற பெடியனுக்கு ஏதும் குடுக்கோணுமோ?"

உடனே மாமாவுக்கு அடித்தேன்.