"வண்டிக்கு ஒண்ணும் ஆகல!"

எங்கள் வீட்டு ஷெட்டில் மாமனார் 1984-ல் வாங்கிய அம்பாசிடர் இன்னும் நிற்கிறது. போன வருஷம் நாங்கள் சின்னதாக ஒரு புதுக் கார் வாங்கினோம். அன்றிலிருந்து வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். "அது இரும்பு, இது வெறும் தகரம்" என்பது மாமனாரின் தீர்ப்பு.

அம்பாசிடரை நானும் குறை சொல்லமாட்டேன். 1958-லிருந்து 2014 வரை ஒரு வண்டி ஓடியது என்றால் சும்மாவா? முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளம். கியரும் ஸ்டியரிங் பக்கத்திலேயே. அதனால் முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் பிள்ளைகள் என்று பழனிக்குப் போய் வருவோம். பட்டுப்புடவை கசங்காமல் ஏறி இறங்கலாம். முட்டிவலிக்கார மாமியார் புதுக் காரிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது!

ஆனால் என் மோவாயில் ஒரு தழும்பு இருக்கிறது. அப்போது எனக்கு ஆறு வயசு. பெரியப்பாவின் அம்பாசிடரில் முன்சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தேன். குறுக்கே ஆடு ஓட, வண்டி புளியமரத்தில் முட்டியது. அம்மா கையை விட்டு நழுவி டேஷ்போர்டில் போய் மோதினேன். நாலு தையல். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் பெரியப்பா சொன்னது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகல!" எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

வண்டி நசுங்காததால்தான் அந்த அடி முழுக்க எங்களுக்கு வந்தது என்று இப்போது புரிகிறது. புதுக் காரில் முன்பக்கம் நசுங்குகிற மாதிரியே செய்திருக்கிறார்கள். மோதுகிற வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். நம்மை பெல்ட்டும் ஏர்பேக்கும் தாங்கிக்கொள்ளும்.

என் வருத்தமெல்லாம், கார் மாறியும் நம் பழக்கம் மாறவில்லையே என்பதுதான். போன மாசம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். நாத்தனார் இரண்டு வயசுப் பையனை மடியில் வைத்து முன்சீட்டில் உட்கார்ந்து, இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "எங்கிட்ட இருந்தாத்தான் அழமாட்டான் அண்ணி" என்றாள். மோதினால் கண் இமைக்கும் நேரத்தில் ஏர்பேக் குழந்தை மேல்தான் வந்து அடிக்கும். அம்மாவின் கனம் முழுக்கக் குழந்தையை அழுத்தும். இது அம்பாசிடரை விட ஆபத்து இல்லையா?

மைலேஜ், விலை எல்லாம் ஆண்கள் பேசட்டும். பிள்ளையை மடியில் வைப்பது நாம்தானே? சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் யோசிக்காமல் செலவு செய்கிறவர்கள், குழந்தைக்குத் தனி சீட்டு என்றால் மட்டும் "இவ்வளவு விலையா" என்கிறார்கள்.

அன்று நான் பிடிவாதமாக நின்றேன். நாத்தனாருக்கு முகம் வாடிவிட்டது. மாமியார்தான் என் மோவாயைப் பார்த்துவிட்டு, "அவ சொல்றது சரிதான், நீ பின்னாடி வா" என்றார். மண்டபம் போகும் வரை நாத்தனார் என்னோடு பேசவில்லை. அடுத்த மாசம் குழந்தை சீட்டு வாங்குவதாக அவள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.