"கால் டு யூ" என்றால் குடி முழுகிவிடுமா?

கோவையில் இன்டர்வியூ என்றால் குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பசங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அக்கவுண்ட்ஸ் கேள்வி இல்லை, இங்கிலீஷ்தான். அதிலும் டு, இன், ஆன், அட் என்கிற இத்துனூண்டு வார்த்தைகள். "ஐ வில் கால் டு யூ சார்" என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், மூன்று வருஷ பி.காம் படிப்பும் அதில் காணாமல் போய்விடும்.

என் கட்சி இதுதான்: அந்த "டு" முட்டாள்தனம் இல்லை, தமிழ் இலக்கணம். "அவருக்கு போன் பண்ணு" என்கிறோம். அதில் இருக்கும் நான்காம் வேற்றுமை "கு"தான் "டு" ஆகிறது. "போனில் பேசினேன்" என்பதில் உள்ள "இல்", "இன் போன்" ஆகிறது. பெட்டியில், மேஜையில், போனில் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே "இல்" போதும். இங்கிலீஷுக்குப் போதாது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. எதிர்ச் சரிவில் கொழுந்து பறிக்கும் அக்காவை எப்படிச் சொல்வோம்? "அக்காவைக் கூப்பிடு". இங்கே "கு" இல்லை, "ஐ". இங்கிலீஷ் "கால்" இந்தக் கூப்பிடுதான். 1876 மார்ச் 10 அன்று கிரகாம் பெல் போனில் பேசியதே, பக்கத்து அறையில் இருந்த வாட்சனை "இங்கே வா" என்று கூப்பிடத்தானே! ஆகவே "கால் ஹிம்", நடுவில் எதுவும் வேண்டாம்.

"கால்" பெயர்ச்சொல்லாக வந்தால் "டு" சரி: "ஐ மேட் எ கால் டு ஹிம்". "உனக்கு போன் வந்திருக்கு" என்றால் "எ கால் ஃபார் யூ". பேசிக்கொண்டிருப்பவர் "ஆன் த போன்". போன் வழியாகச் சொன்ன சேதி "ஓவர் த போன்" அல்லது "பை போன்".

இன்னொரு கூத்து. "கால் மி ஆன் திஸ் நம்பர்" தப்பு, "அட்" மட்டும்தான் சரி என்று சில கோச்சிங் வகுப்புகளில் அடித்துச் சொல்கிறார்கள். "ஆன்" பிரிட்டிஷ் வழக்கு, "அட்" அமெரிக்க வழக்கு. இரண்டும் சரிதான். அமெரிக்க கஸ்டமரிடம் பேசும் வேலை என்றால் "அட்" பழகிக்கொள்ளலாம். அதற்காக "ஆன்" சொன்னவனை மட்டம் தட்டுவது எந்த ஊர் நியாயம்?

நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தப்பு வருமோ என்று பயந்து வாயையே திறக்காமல் இருப்பதற்கு, "டு" போட்டுப் பேசுவது ஆயிரம் மடங்கு மேல். வேலை கொடுப்பவர்களே, ஒரு சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய விஷயத்தை வைத்து ஒரு ஆளை எடை போடாதீர்கள். "டு" போட்டாலும் போன் சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்கிறது!